சர்க்கரை வைத்த கால்

ஒரு பச்சை நிறத்தைக் கண்டால் நான் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இலைப் பச்சை, கிளிப் பச்சையெல்லாம் என்னை ஒன்றும் செய்வதில்லை. வெள்ளைத் துணியில் ஊறிப் பரவி, ஓரத்தில் நீலம் தட்டி நிற்கிற ஒரு பச்சை உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில், நெய்வேலி குவார்ட்டர்ஸில், என் கணவரின் காலில் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்தபோது அதை முதன்முதலாகப் பார்த்தேன். கூடவே ஒரு வாசனை. நாற்றமாக இருந்திருந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு தாங்கியிருப்பேன். கூடைக்கு அடியில் நசுங்கிக் கிடந்த திராட்சைப் பழம் மாதிரி லேசான இனிப்பு வாசனை. மனுஷன் காலிலிருந்து பழவாசனை வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. சொல்ல வெட்கமில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் ஷிப்ட் சங்கு ஊதினாலே எழுந்து நின்றுவிடுவேன். போதாக்குறைக்கு அவர் தன் வேலையைப் பற்றிச் சொன்ன கதை. நிலக்கரிப் படுகைக்கு அடியில் தண்ணீர் இருக்கிறதாம். சும்மா தேங்கிக் கிடக்கிற தண்ணீராக இருந்தால் தொல்லையில்லை. இது மேலே வர முட்டிக்கொண்டே நிற்கிற தண்ணீர். சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழமான குழாய்க் கிணறுகள் போட்டு, ராவும் பகலும் இறைத்து இறைத்து, அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அந்தக் கிணறுகளின் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் கேங்கில் அவர் பெர்மனன்ட் ஆள். "நாங்க தூங்கினா மைன்ஸே முழுகிரும்" என்று கல்யாணமான வாரமே சிரித்துக்கொண்டு சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எனக்கு அதன்பிறகு சமையலறைக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் கை தயங்கும்.

அவருக்குப் பரம எதிரி ஒன்று உண்டு. கிணற்றுக்குள் இறங்கியிருக்கும் குழாயின் கீழ்ப்பாகத்தில், தண்ணீர் உள்ளே வருவதற்காக வரிவரியாகத் துளை வைத்திருப்பார்கள். அதில் கிருமி கூடு கட்டும். பழுப்பு நிறத்தில், வெண்டைக்காய் நறுக்கிய கை மாதிரி கொழகொழவென்று ஒரு படலம். அவர்கள் அதைத் துருப்பாசி என்பார்கள். அது படர்ந்துவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும், பம்ப் திணறும். சாப்பிட உட்கார்ந்ததும் அதைப் பற்றித்தான் பிரசங்கம். "மேல இருந்து பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு டிரம் டிரம்மா ஊத்தினாலும் மேல்தோல்தான் சாகும். உள்ள இருக்கிறது ஜம்முனு இருக்கும். பிரஷ்ஷை விட்டுத் தேச்சுப் பேத்து எடுத்துட்டு, அப்புறம் ஊத்தணும் மருந்தை" என்பார். "சோத்துல கை வச்சுக்கிட்டு இதையா பேசுவீங்க" என்று நான் முகத்தைச் சுளிப்பேன்.

அப்படி ஒரு பம்பை மேலே தூக்கும்போதுதான் அது நடந்தது. குழாய் சங்கிலியிலிருந்து நழுவி அவருடைய இடது காலில் முழங்காலுக்குக் கீழே அடித்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு எஃகு பிளேட்டை வைத்துத் திருகாணி போட்டு எலும்பைச் சேர்த்தார்கள். மாதக்கணக்கில் மாவுக்கட்டு, அப்புறம் கக்கத்தில் கட்டை, அப்புறம் கம்பு. கடைசியில் கம்பையும் போட்டுவிட்டு நடந்தார். பழையபடி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறினார். நான் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நம்பினோம்.

ஒரு வருஷம் போயிருக்கும். காலின் முன்பக்கத்தில், பழைய தழும்பின் ஓரத்தில், ஒரு கொப்புளம். உடைந்து ஒரு சொட்டு சீழ் வந்தது. டிஸ்பென்சரியில் கேப்சூல் கொடுத்தார்கள். சாப்பிட்டார், காய்ந்தது. இரண்டு மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும். மறுபடியும் கேப்சூல், மறுபடியும் காய்ந்தது. இப்படியே போய்க்கொண்டிருந்தது. "கொசுக்கடி மாதிரி இருக்கு, இதுக்குப் போய்" என்பார். கொசு கடித்தால் மாதக்கணக்கில் அதே இடத்தில் சீழ் வருமா என்று நான் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டேன்.

இங்கே எங்கள் பிளாக்கின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனி வேலையென்றால் வைத்தியம் இலவசம். டாக்டர் எழுதிக் கொடுத்ததை முழுக்கச் சாப்பிட்டு முடிக்கிற வழக்கம் எங்கள் வரிசையில் யாருக்கும் கிடையாது. காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்போம். எல்லா வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு பாட்டில் இருக்கும். சிவப்பும் கறுப்பும், மஞ்சள், பாதி பச்சை பாதி வெள்ளை என்று பார்க்க மிட்டாய்க் கடை மாதிரி இருக்கும். காப்பித்தூள் தீர்ந்தால் பக்கத்து வீட்டில் வாங்குகிற மாதிரி, "அக்கா, ரெண்டு மஞ்சள் கேப்சூல் இருந்தா குடுங்க, வந்ததும் திருப்பித் தர்றேன்" என்று வாங்கிக்கொள்வோம். மதுரைக்காரர், கோயம்புத்தூர்க்காரர், எங்கள் ஊர்க்காரர் என்று ஆளுக்கொரு திசையிலிருந்து வந்து குடியேறியவர்கள் நாங்கள். எங்களைச் சொந்தக்காரர்களாக்கியதில் அந்தப் பாட்டிலுக்கும் பங்குண்டு.

அந்தக் கேப்சூலை விழுங்குவது மட்டுமல்ல. திருகித் திறந்து, உள்ளே இருக்கிற தூளைப் புண்ணின் மேல் தூவுவதும் உண்டு. குழந்தை முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாலும் இதே வைத்தியம்தான். தூவினால் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பது பிளாக் முழுவதற்கும் தெரிந்த சாஸ்திரம். அவரும் தூவினார். புண்ணின் மேல் மஞ்சளாக ஒரு பொருக்கு கட்டியது, நெற்றியில் சந்தனம் காய்ந்த மாதிரி. ஆஸ்பத்திரிக்குப் போனால் "அன்ஃபிட்" என்று எழுதிவிடுவார்களோ, பம்ப் வேலையிலிருந்து தூக்கிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. வெளியே சொல்ல மாட்டார், பேன்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு போய்விடுவார். "பாத்தியா, காஞ்சிருச்சு" என்று என்னிடம் காலைக் காட்டும்போது அவர் குரலில் ஒரு கெஞ்சல் இருக்கும்.

பொருக்குக்கு அடியில் அது பரவிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஷிப்டிலிருந்து வந்தவர் வெயில் கொளுத்துகிற மதியத்தில் கம்பளி கேட்டார். பல் கிட்டிக்கொண்டு கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். காலைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. புண்ணின் மேல் ஒரு துணியைச் சும்மா சுற்றியிருந்தார். அதை அவிழ்த்தேன்; பொருக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, துணியில்தான் நான் முதலில் சொன்ன பச்சையைக் கண்டேன். அலறிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர் அனல்மின் நிலையத்தில் ஆபரேட்டர், நல்ல மனிதர். யாருடைய ஜீப்பையோ பிடித்து வந்து எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தார்.

சர்ஜன் அதிகம் பேசாத ஆள். கட்டை விரலால் காலின் முன்பக்கத்தை முழங்காலிலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தார். பொருக்குக்கு அடியிலிருந்து பச்சைச் சீழ் பிதுங்கியது. அவர் முகம் மாறவில்லை. அது மாறாததே எனக்குக் கிலி பிடிக்கப் போதுமானதாக இருந்தது.

"எத்தனை கேப்சூல் சாப்பிட்டிருப்பீங்க இதுவரைக்கும்?" என்று என் கணவரிடம் கேட்டார்.

"கணக்கு இல்ல சார். சாப்பிட்டதும் உண்டு, தூவினதும் உண்டு."

"மருந்து ரத்தத்தோடதான் போகும். உள்ள இருக்கிற இரும்புக்கு ஏது ரத்தம்? செத்துப்போன எலும்புக்கு ஏது ரத்தம்? அதுமேல கிருமி படலம் கட்டிக்கிட்டு பத்திரமா உட்கார்ந்திருக்கு. நீங்க சாப்பிடறது சுத்தி இருக்கிறதைக் கொல்லும், காய்ச்சல் விடும், புண்ணு காயும். கோட்டைக்குள்ள இருக்கிறது மறுபடியும் வெளிய வரும்."

பிளேட்டை எடுக்க வேண்டும், செத்த எலும்பைச் சுரண்ட வேண்டும் என்றார். திறந்து பார்த்தால்தான் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும். எலும்பு முழுக்கப் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம். அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்துக் கேட்டார். எனக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. "எடுக்க" என்ற ஒரு சொல் மட்டும் உள்ளே திரும்பத் திரும்பச் சுற்றியது.

என் கணவர் மறுத்துவிட்டார். அந்த வார்டிலேயே ஜன்னல் ஓரக் கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். விரலைச் சுத்தம் செய்வதாகச் சொல்லித்தான் உள்ளே போனாராம், போர்வைக்குக் கீழே இப்போது ஒரு கால் மேடுதான் தெரிந்தது. என் கணவர் அந்தப் பக்கமே திரும்பாமல் படுத்திருந்தார். "இன்னும் பவரான கேப்சூல் குடுங்க சார். ஊசின்னாலும் போட்டுக்கறேன். அறுக்க வேண்டாம்" என்று சர்ஜனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சர்ஜன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "எந்த டிபார்ட்மென்ட் நீங்க?"

"பம்ப் சைடு சார்."

"கிணத்துல பாசி கட்டினா என்ன பண்ணுவீங்க? பவரான மருந்தா பாத்து மேலிருந்து ஊத்துவீங்களா?"

காய்ச்சலிலும் அவருக்குத் தன் வேலையென்றால் வாய் சும்மா இருக்காது. "ஊத்திப் பிரயோஜனமில்ல சார். மேல்தோல்தான் சாகும். பிரஷ்ஷை விட்டுப் பேத்து..." என்று ஆரம்பித்தார். அங்கேயே நின்றுவிட்டார். எனக்கும் சுரீரென்றது. எத்தனை வருஷம் சோற்றுக்கு முன்னால் கேட்ட பிரசங்கம்! வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்களே, பம்ப்காரர் காலும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது.  அவர் பேனாவுக்குக் கை நீட்டினார்.

சர்ஜன் போனதும் என்னைக் கிட்டே வரச் சொன்னார். "காலை எடுத்துட்டாங்கன்னா என்னை எழுப்ப வேண்டாம்னு சொல்லிடு" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்க ஒரு காலுக்கு நான் தாலியறுக்கணுமா? வாயக் கழுவுங்க" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். கத்திவிட்டு வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். ஒற்றைக் காலோடு அவர் கண்விழித்தால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கண்விழிக்காவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடத் தெரியவில்லை. இந்த ஊரில் எங்களுக்கு வீடு, அரிசி, விளக்கு எல்லாமே அந்தக் கால்தான் என்பது வேறு அடிமனதில் அரித்தது. அதை அப்போது நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆபரேஷன் நடந்த காலையில் தியேட்டர் கதவுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் கண் கதவின் அடிப்பக்கத்திலேயே இருந்தது. அறுத்த காலை வாளியில் வைத்துத்தான் எடுத்துப் போவார்கள் என்று யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்கள். வாளியோடு ஒருவர் வெளியே வந்தார். வாளி என்னைத் தாண்டும்போது பெஞ்சிலிருந்தே கழுத்தை நீட்டினேன். உள்ளே பார்த்தால் தரை துடைக்கிற துணி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்!

கடைசியில் வெளியே வந்தது டிரெஸ்ஸிங் ரூமில் உதவிக்கு இருந்த பெண். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருபவள், என் வயதுதான் இருக்கும். "யக்கா, காலு இருக்குது. இன்னாத்துக்கு இப்படி நடுங்கிகினு குந்தியிருக்க?" என்றாள். எனக்கு அழத்தான் வந்தது. அவள் கையில் ஒரு ட்ரே. அதில் அந்த பிளேட். விரல் நீளத்துக்கு மேலிருக்கும், திருகாணித் துளைகளோடு. இத்தனை நாள் அவர் காலுக்குள் இருந்த பொருள். "தொட்டுப் பாரு, இதுதான் உன் வூட்டுக்காரருக்கு எமன்" என்றாள். கையுறையை மாட்டிவிட்டாள். தொட்டேன். இரும்பின் ஜில்லிப்பு இருந்தது, அதன்மேல் வழவழவென்று ஏதோ நழுவியது. வெண்டைக்காய் நறுக்கிய கை. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

கால் தப்பியது என்று நிம்மதியாக இருந்திருக்கலாம். மறுநாள் கட்டைப் பிரித்தபோது அந்த நிம்மதியும் போயிற்று. காயத்தைத் தைக்கவே இல்லை. காலின் முன்பக்கத்தில் ஒரு நீளக் குழி. அடியில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. "தைச்சா திருடனை உள்ள விட்டுக் கதவைப் பூட்டின மாதிரி. அடியிலிருந்து சதை வளர்ந்து தானா மூடணும்" என்றார் சர்ஜன். எலும்பு இன்னும் தப்பித்துவிடவில்லை, பச்சை திரும்பி வந்தால் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். எதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஜன்னல் ஓரக் கட்டில் எங்கள் எதிரிலேயே இருந்தது.

முதலில் அசிட்டிக் ஆசிட். அந்தப் பெயரைக் கேட்டதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஆசிட் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்தான். எலும்பில் ஊற்றப் போகிறார்களே என்று அந்தப் பெண்ணின் கையைத் தடுத்துவிட்டேன். அவள் பாட்டிலை என் மூக்குக்கு நேரே பிடித்தாள். ஊறுகாய் வாசனை. "வினிகர்தான்க்கா. தண்ணி மாதிரி கரைச்சிகினு ஊத்துறோம். இந்தப் பச்சைக்கு இது ஆவாது" என்றாள். துணியை அதில் நனைத்துக் குழிக்குள் நிரப்பினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் மணிக்கட்டை முறுக்கினார். சில நாளில் துணியின் ஓரத்து நீலம் வெளுத்தது, அப்புறம் பச்சையும் வெளுத்தது. நான் ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். அந்தப் பெண்ணுக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு. "புடவக் கடையில துணி எடுக்குற மாதிரி பாக்குற" என்பாள்.

அடுத்தது சர்க்கரை. நாம் காப்பிக்குப் போடுகிற சர்க்கரையேதான், நைசாகப் பொடித்து, சுத்தம் செய்து, களிம்பு மாதிரி குழைத்தது. குழி நிறைய அதை அடைக்கச் சொன்னார் சர்ஜன். நான் வாயைப் பிளந்தேன். "பண்ருட்டியில பலாச்சுளையைத் தேன்ல போட்டு வைக்கிறாங்களே, கெட்டுப்போகுதா?" என்று கேட்டார். "சர்க்கரை இருக்கிற இடத்துல தண்ணியையெல்லாம் அது இழுத்துக்கும். கிருமிக்குத் தண்ணி இல்லாம வாழ முடியாது. புதுசு ஒண்ணுமில்லம்மா, அந்தக் காலத்து வைத்தியம்தான். மாத்திரை வந்ததும் நாங்கதான் மறந்துட்டோம்." கேப்சூலே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஊசியும் கூடவே நடந்தது. சுரண்டிவிட்டு, கழுவிவிட்டு, அதற்குமேல்தான் மருந்துக்கு வேலை என்றார்.

கொஞ்சம் தேறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் கட்டு மாற்றுவது என் பொறுப்பு. வாரம் ஒருமுறை டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போய்க் காட்ட வேண்டும். கிளம்பும்போது அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்: "பழைய துணிய எடுக்கறப்போ ரத்தம் கசியும். அதப் பாத்து பயந்துகினு ஓடாத. ரத்தம் வந்தா சதை உசுரோட இருக்குதுன்னு அர்த்தம். வரலன்னாதான் பயப்படணும்."

எங்கள் வரிசையில் செய்தி பரவியது. "சர்க்கரை வியாதி வந்தவனுக்குத்தான் காலே போகுது. நீ சர்க்கரையையே கால்ல கொட்டுறியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று கேட்டாள்.  எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. அது போதாதென்று எறும்பு. முதல் நாளே சாரிசாரியாகக் கட்டில் கால் வழியாக ஏறிவிட்டது. எலும்பு தெரிகிற குழிக்குள் எறும்பு மொய்த்தால் என்று நினைத்தபோதே எனக்கு உடம்பெல்லாம் ஊர்ந்தது. நாலு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கட்டிலின் நாலு காலையும் அதில் நிறுத்தினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கேயும் என்னைச் சுத்தித் தண்ணிதானா? பம்ப் ஒண்ணு வச்சிரு" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் செய்த முதல் கேலி அது. நான் சிரித்தேன், ஆனாலும் கிண்ணத்தில் தண்ணீர் வற்றிவிட்டதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குழியைக் கண்ணால் பார்ப்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நான் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம், "இன்னும் ஈரமாத்தானே இருக்கு? காயவே இல்லையே?" என்று கேட்பார். காய வேண்டியதில்லை, ஈரமாகத்தான் இருக்க வேண்டும் என்று சர்ஜன் சொன்னதைச் சொல்வேன். தலையை ஆட்டுவார். கிணற்றுப் பாசிக்குப் பொருந்தியது காலுக்கும் பொருந்தும் என்பது அவர் மூளைக்கு ஏறிவிட்டது, மனசுக்கு ஏறவில்லை. அவர் மனசு காய்ந்த பொருக்கைத்தான் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டைப் பிரித்தேன். சர்க்கரையைக் காணோம். குழியின் வாயில் மஞ்சளாக, மொரமொரவென்று, ஓரத்திலிருந்து ஓரம்வரை பொருக்கு கட்டியிருந்தது.  எங்கள் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலை அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே சாக்கடையில் கொட்டிவிட்டேன். ஆனால் பிளாக்கில் பாட்டிலுக்கா பஞ்சம்?

"யார் குடுத்தது?"

அவர் சுவரைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? முந்தாநாள் நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வந்திருக்கிறார். இவர் கேட்டிருக்கிறார், அவரும் பாசத்தோடு சட்டைப் பை நிறையக் கேப்சூல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அன்றைக்கு நான் கட்டிவிட்டுப் போயிருந்த கட்டை இவரே அவிழ்த்து, சர்க்கரையை வழித்தெறிந்துவிட்டு, தூவிக்கொண்டிருக்கிறார். நேற்று, கட்டை நானே மாற்றிக்கொள்கிறேன் என்று இவர் துணியை வாங்கிக்கொண்டது எதற்கென்று இப்போது புரிந்தது.

"பயமா இருந்துச்சு" என்றார். 

டிரெஸ்ஸிங் ரூம் அன்றைக்குக் கிடையாது. விட்டு வைத்தால் உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஒருமுறை பார்த்தாயிற்று. உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றினேன். இடுக்கியையும் அதில் போட்டு எடுத்தேன். பொருக்கின் மேல் ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டு, ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அவர் கத்தினார்.  இதற்கடியில் பச்சை இருந்தால் நாளைக்கே மறுபடி அந்தக் கையெழுத்து. இம்முறை வாளியில் தரைத்துணி இருக்காது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். பழவாசனை வருகிறதா, வரவில்லையா, என் வியர்வை நாற்றத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"வேண்டாம், விட்டுடு, கெஞ்சிக் கேக்கறேன்" என்றார்.

"நீங்க கிணத்துக்கு என்ன பண்ணுவீங்களோ அதைத்தான் நான் பண்றேன். வாய மூடுங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே இழுப்பாக இழுத்தேன். ஒரு வில்லையாக வந்துவிட்டது. அவர் அலறல் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

கண்ணைத் திறக்க எனக்குத் தெம்பில்லை. விரலில் சூடாக ஏதோ இறங்கியதும் திறந்தேன். ரத்தம். குழியின் அடியெல்லாம் மாதுளை முத்து மாதிரி சிவப்புச் சதை, எலும்பின் வெள்ளை அநேகமாக மூடியிருந்தது. ஒவ்வொரு முத்திலிருந்தும் ரத்தம் துளிர்த்தது. பச்சை ஒரு பொட்டுகூட இல்லை. துணியை வைத்து அழுத்திக்கொண்டு, அவர் காலிலேயே தலையைச் சாய்த்து ஓவென்று அழுதேன். என் புருஷன் ரத்தத்தைப் பார்த்து நான் சந்தோஷத்தில் அழுத நாள் அது ஒன்றுதான். அவர் அலறியதை நிறுத்திவிட்டு, "என்ன, போயிருச்சா?" என்று மிரண்டு போய்க் கேட்டார். "இருக்கு, இருக்கு" என்றேன்.

மெல்ல மெல்லச் சதை ஏறி, தோல் மூடியது. கொஞ்சம் சாய்ந்து நடந்தாலும் தன் காலிலேயே நடந்து வேலைக்குப் போனார். பம்ப் ஏற்ற வேண்டாம் என்று ஸ்டோரில் போட்டார்கள். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அப்புறம் பழகிவிட்டது. காலில் கட்டை விரல் பதிகிற அளவுக்கு ஒரு பள்ளம் மட்டும் நிரம்பாமலே நின்றுவிட்டது. கடைசியாகக் காட்டியபோது சர்ஜன் சொன்னார்: "எலும்புக்குள்ள எங்கேயாவது ஒண்ணு ரெண்டு தூங்கிக்கிட்டு இருக்கலாம். வருஷக்கணக்கா தூங்கும். கவனிச்சுக்கிட்டே இருங்க." நல்ல மனிதர், உள்ளதைச் சொன்னார். ஆனால் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

அன்றிலிருந்து அவர் வேலை முடிந்து வந்து கால் கழுவியதும், கட்டிலில் உட்கார்ந்து இடது காலை நீட்டுவார். நான் அந்தப் பள்ளத்தில் கட்டை விரலை வைத்து அழுத்துவேன், விரலை முகர்ந்து பார்ப்பேன். பிறகுதான் தட்டு வைப்பேன். முதலில் சிரித்தார், சில சமயம் எரிந்து விழுந்தார், பின்னால் நான் கேட்காமலே நீட்டப் பழகிக்கொண்டார். ரிட்டையராகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து எங்கள் ஊருக்கு வந்த பிறகும் இது நிற்கவில்லை.

வெகு வருஷம் கழித்து, நெஞ்சு வலி வந்து, காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவர் போய்விட்டார். குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். கூடியிருந்தவர்கள் நான் கால்மாட்டில் விழுந்து கும்பிடுகிறேன் என்று நினைத்து விலகி இடம் விட்டார்கள். நான் வேட்டியை ஒதுக்கி, பள்ளத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தி முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது. அத்தனை வருஷத்துப் பயம் அப்போதுதான் என்னை விட்டது. விட்டபோது, அதைச் சொல்ல அவர் இல்லை.